உப்புப் பானையை மேலே ஏற்றாதே

மகனுக்கு,

முன்னால் ‘அன்புள்ள’ என்று போடலாமா என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கை வரவில்லை. அதனால் வெறும் ‘மகனுக்கு’ என்று போட்டிருக்கிறேன். அதை மட்டும் நானும் மாற்ற முடியாது, நீயும் மாற்ற முடியாது. நம் வீட்டிலிருந்து, மாமனார் வீட்டோடு நீ இருக்கிற வேங்கிக்காலுக்கு நடந்தே வந்துவிடலாம். டவுன் பஸ் ஏறினால் வாயில் போட்ட வெற்றிலை மென்று முடிவதற்குள் வந்துவிடும். இந்தத் தூரத்துக்குத் தபால் எழுதுகிறாளே, இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று நீ நினைப்பாய். நேரில் வந்தால் நான் வாயைத் திறந்த மறு நிமிஷம், “அம்மா, மெதுவாப் பேசு, அவங்க காதுல வுழப்போவுது” என்பாய். உனக்குக் கல்யாணமான இந்த ஐந்து மாசத்தில் நீ என்னிடம் அதிகமாகச் சொன்ன வார்த்தை அதுதான். காகிதத்துக்குத் தொண்டை கிடையாது. இதை எப்படி அடக்குகிறாய், பார்க்கிறேன்.

முந்தாநாள் உன் பெண்டாட்டி இங்கே வந்திருந்தாள். நீ அனுப்பி வரவில்லை, அவளாகத்தான் வந்தாள். கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து மொச்சைக்கொட்டை உரித்துக் கொடுத்தாள். நல்ல பெண். உனக்குக் கொஞ்சம் ஜாஸ்திதான். பேச்சோடு பேச்சாக அவள் சொன்னாள்: “அத்தை, இந்த வாட்டி போகிக்கு எங்க தெருவுல தூக்கிப் போடற பானை எல்லாத்தையும் அப்பா சேத்து வைக்கப் போறாரு. புது வீட்டு மேல போடறதுக்கு. இவரு லிஸ்ட்டே எழுதிக் குடுத்திருக்காரு. உப்புப் பானை கெடச்சா விடவே கூடாதாம், நல்லா கனமா கெட்டியா இருக்குமாம்.” எனக்குக் கை நின்றுவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். தன் புருஷன் பெரிய கெட்டிக்காரன் என்ற பூரிப்பு அதில் எழுதி ஒட்டியிருந்தது. “அப்படியாம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு, அவளுக்குக் காப்பி போட எழுந்து போனேன். அடுப்படியில் நின்றுகொண்டு உன்னை என்னென்ன திட்டினேன் என்பதை இங்கே எழுதினால் தபால்காரர் கையில் ஒட்டிக்கொள்ளும்.

உப்புப் பானை. லிஸ்ட்டில். அதுவும் உன் கையெழுத்தில். தை பிறந்ததும் உன் மாமனார் கட்டுகிற வீட்டின் கான்கிரீட் கூரைமேல் அதைக் கவிழ்க்கப் போகிறாய். அதற்குக் கீழே அந்தப் பெண் படுக்கப் போகிறாள். நாளைக்கு ஒரு குழந்தையும் படுக்கும். தெரியாதவன் தெரியாது என்று சொல்லியிருந்தால் நான் இந்தக் காகிதத்தை வீணாக்கியிருக்க மாட்டேன். நீ தெரியும் என்று சொன்னவன். எங்கே சொன்னாய், எப்போது சொன்னாய் என்பதையும் எழுதுகிறேன். மறந்திருப்பாய்.

போன சித்திரையில், கத்திரி வெயிலில், உன் மாமனாரும் அவரோடு இரண்டு பேரும் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார்கள். வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தவர் கூடத்தில் உட்கார்ந்தார். துண்டால் கழுத்தைத் துடைத்தார். அப்புறம் அண்ணாந்து பார்த்தார். ஃபேன் சுற்றவில்லை, கரண்டு இல்லை. “வெளியில அந்த வெயில் கொளுத்துது, உள்ள ஃபேன்கூட வேணாம்போல இருக்குதே, என்ன சமாசாரம்?” என்று கேட்டார். நான் அப்போது அடுப்படி வாசற்படியில் காப்பித் தட்டோடு நின்றிருந்தேன். நீ காலை மாற்றிப் போட்டு உட்கார்ந்துகொண்டு சொன்னாய்: “நான் பாலிடெக்னிக் படிக்கறப்ப பண்ணிப் பாத்ததுங்க. மொட்டைமாடில பானையக் கவுத்து ஒரு இன்சுலேஷன் குடுத்தேன்.” நான் செய்தபோது அதற்குப் பெயர் குப்பை பொறுக்குவது. நீ சொன்னபோது அது இன்சுலேஷன் ஆகிவிட்டது. உன் அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அந்தக் கூரைக்கடியில் எத்தனை வருஷம் குறட்டை விட்டுத் தூங்கிய மனுஷன். அவரும் வாயைத் திறக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். நீ ஒரு கூரையையே மறைத்துவிட்டாய். நான் தட்டை வைத்துவிட்டு உள்ளே போனேன்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். என் தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன், உன்னைப்போல எனக்கு மறைக்கத் தெரியாது. நம் வீடு முதலில் நாட்டு ஓடு போட்ட வீடு. உனக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு வயசு, ஞாபகம் இருக்க வேண்டும். ஓட்டு வீட்டில் தேள் விழும், மழைக்கு நாலு இடத்தில் குண்டான் வைக்க வேண்டும். ஆனால் வெயில் தெரியாது. என் தங்கை வீட்டில் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். கிரகப்பிரவேசத்துக்குப் போனவள் மொட்டைமாடியில் நின்று மலையைப் பார்த்தேன். அன்றைக்குப் பிடித்தது சனியன். இரண்டு வருஷம் உன் அப்பாவை நான் உட்காரவிடவில்லை, நிற்கவிடவில்லை. சிமெண்டுக்குப் பர்மிட் வாங்க வேண்டிய காலம் அது. அவர் பஸ் கண்டக்டர் உத்தியோகத்தோடு தாலுக்கா ஆபீசுக்கும் அலைந்து பர்மிட் வாங்கி, ஓட்டைப் பிரித்து, கான்கிரீட் தளம் போட்டு மெத்தை வீடு ஆக்கினார். எனக்குத் தலை கால் புரியவில்லை. முதல் சித்திரை வந்தது. அந்தத் தளம் பகலெல்லாம் காய்ந்து சாயங்காலம் நம் தலைமேல் கக்கியது. மேற்கே மலை வேறு. அது தன் பங்குக்குப் பாறைச் சூட்டை ராத்திரிவரை வீசிக்கொண்டிருந்தது. ஃபேன் போட்டால் அந்தச் சூட்டைத்தான் அள்ளி அள்ளிக் கீழே இறைத்தது. தெருவில் சொன்னால் சிரித்தார்கள். “அக்கினி ஸ்தலத்துல குடியிருந்துக்கினு சூடு ஜாஸ்தின்னா எப்படிம்மா” என்றார்கள்.

நீயும் நானும் எப்படியோ சமாளித்தோம். உன் அப்பாவால் முடியவில்லை. அவருக்கு மெட்ராஸ் ராத்திரி சர்வீஸ். காலையில் வந்து பகலில்தான் தூங்க வேண்டும். தோசைக்கல்மேல் எவன் தூங்குவான்? கொஞ்ச நாள் பார்த்தார். பிறகு குளித்துவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போக ஆரம்பித்தார். மனுஷனுக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டதே என்று நான் நினைத்தேன். ஒருநாள் மத்தியானம் திரும்பி வந்தவர் கையில் ஒரு புளிசாதப் பொட்டலம். ஆயிரங்கால் மண்டபத்தில் கல் குளிர்ச்சியாக இருக்கிறது என்று அங்கே படுத்துத் தூங்கியிருக்கிறார். யாரோ வெளியூர் ஜனங்கள் பண்டாரம் என்று நினைத்துத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். பொட்டலத்தைப் பிரித்து உனக்கும் ஒரு வாய் கொடுத்தார். நீயும் சிரித்தாய். நான் அடுப்படிக்குள் போய் முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதேன். சொந்த வீடு இருக்கிறவன் கோயிலில் பண்டாரமாகப் படுத்திருக்கிறான், அதற்கு என் ஆசைதான் காரணம். அன்றைக்குத்தான் இந்தக் கூரையை நானே சரி செய்வேன் என்று முடிவு செய்தேன். கொத்தனார் வைக்க வழியில்லை, தளம் போட்டதிலேயே வீட்டிலிருந்த காசெல்லாம் காலியாகிவிட்டது.

பானை எங்கிருந்து வந்தது என்று உன் மாமனார் கேட்டால் நீ பாலிடெக்னிக் புத்தகம் என்பாய். தேரடித் தெருவில் ஒரு பழைய சத்திரத்தை இடித்தார்கள். காய்கறிக்குப் போன நான் வேடிக்கை பார்க்க நின்றேன். கடப்பாரை போட்டு மேல்தளத்தைப் பெயர்த்தபோது சுண்ணாம்புக்குள்ளிருந்து சின்னச் சின்ன மண்பானைகள், கவிழ்த்தபடியே, வரிசை கலையாமல் தெரிந்தன. இடித்துக்கொண்டிருந்த மேஸ்திரியிடம் இது என்னய்யா கூத்து என்று கேட்டேன். “வெயிலு எறங்காதும்மா. பானைக்குள்ள காத்து மாட்டிக்குது, அது சூட்டக் கீழ வுடாது” என்றார். உள்ளே போய் நின்று பார்க்கச் சொன்னார். பாதி இடிந்த அந்தச் சத்திரத்துக்குள் மத்தியான வேளையில் என் காலுக்குத் தரை சில்லென்று இருந்தது. மூன்று நாள் காய்கறிக் கூடையோடு அங்கே போய் நின்று அவரைத் துளைத்துத் துளைத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். என்ன பானை, எத்தனை உயரம், சுண்ணாம்பு எப்படி நீற்ற வேண்டும், கடுக்காய் எத்தனை நாள் ஊற வேண்டும். கடைசியில் அவர் சொன்ன ஒன்றை இங்கே அடிக்கோடிட்டு எழுதுகிறேன்: “உப்பு பட்ட பானைய மட்டும் சேக்காதீங்க.” தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அந்த வருஷம் போகிக்கு விடியும் முன்னே கோணிப்பையோடு கிளம்பினேன். ஊரெல்லாம் பழைய பானையைத் தெருமுனையில் கொண்டுவந்து போடுகிற நாள். ஊரார் பழசைக் கழித்தார்கள், நான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். விளிம்பு உடைந்திருந்தால் பரவாயில்லை, கவிழ்க்கத்தானே போகிறோம். அடியில் விரிசல் இருந்தால் வேண்டாம். ஒரு சாண் குச்சி ஒன்றை வைத்துக்கொண்டு அளந்து எடுத்தேன், எல்லாம் ஒரே உயரம் இருந்தால்தான் மேலே தளம் மட்டமாக வரும். குயவர் வீதியில் சூளையில் கோணிப்போனவற்றையும் கேட்டு வாங்கினேன். மாசம் முழுக்கச் சேர்த்தேன். கொல்லையில் பானை மலைபோல் குவிந்தது. நம் வீட்டுக்குக் கவுத்த பானை வீடு என்று பெயரே வைத்தார்கள், உனக்கு அது பொறுக்கவில்லை. ஸ்கூலில் கேலி செய்கிறார்கள் என்று மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருந்தது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது, வேலை ஓடியது.

மாசி, பங்குனி இரண்டு மாசம் அந்த மாடியில் கிடந்தேன். தளத்தைத் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவி, சுண்ணாம்புப் பால் விட்டு, பானையை ஒன்றோடொன்று இடித்தாற்போல் வாய் கீழாக அடுக்கினேன். இடுக்கெல்லாம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் குழைத்து அடைத்தேன். அதற்குமேல் ஜல்லிச் சுண்ணாம்பு ஒரு தட்டு பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் தட்டினேன். தட்ட வேண்டும் என்றால் ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. கட்டை பட்டால் எகிறித் திரும்புகிறவரைக்கும், கல்போல ஓசை வருகிறவரைக்கும் தட்ட வேண்டும். உன் அப்பா டூட்டி முடிந்து வந்து, தூங்கப் போகும் முன் ஒரு மணி நேரம் ஜல்லி ஏற்றிக் கொடுப்பார். சுண்ணாம்பு என் விரலிடுக்கையெல்லாம் தின்றுவிட்டது. சாதம் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டேன். நியாயத்தையும் சொல்ல வேண்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமை நீயும் வந்து தட்டினாய். பாதி நேரம் தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே தட்டினாய். நீ தட்டிய அந்த இரண்டு முழத்தை ராத்திரி சோற்றுக்கு முன்னால் நான் மறுபடி தட்டினேன். அதுதான் அந்தக் கூரையில் உன் பங்கு.

இனி என் இரண்டாவது தப்பு. இதைப் படிக்கும்போது நிமிர்ந்து உட்கார். வடக்கு மூலைக்கு வந்தபோது பானை பற்றவில்லை. கோடை மழை வரும்போல மேகம் கூடியது. எனக்கு அவசரம். பக்கத்துத் தெருவில் ஒரு மளிகைக் கடைக்காரர் தன் பழைய பானைகளை ஓரமாக அடுக்கி வைத்திருந்தார். எல்லாம் உப்புப் பானை. கேட்டதும் கொடுத்துவிட்டார். மேஸ்திரி சொன்னது நினைவில்லாமல் இல்லை, நன்றாக நினைவிருந்தது. கழுவி வெயிலில் காயவைத்தால் போகாதா என்ன என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு, பதினோரு பானையை அந்த மூலையில் கவிழ்த்து மூடிவிட்டேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற புத்தி. உனக்கு அது எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை.

அந்தச் சித்திரையிலேயே வித்தியாசம் தெரிந்தது. உன் அப்பா கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். முதல் நாள் அவர் பகல் பத்து மணிக்குப் படுத்து நாலு மணிவரை புரளாமல் தூங்கியதைப் பார்த்து, மூச்சு வருகிறதா என்று நான் மூக்கில் கைவைத்துப் பார்த்தேன். ஃபேனை மத்தியானத்துக்கு மேல்தான் போடுவோம், மீட்டர் சோம்பேறிபோல் சுற்றும். மேலே வருஷா வருஷம் பங்குனியில் சுண்ணாம்பு அடித்து வெள்ளையாக வைத்தேன். கூரையடியில் மேல்சுவரில் இரண்டு ஓட்டை போட்டு நிற்கிற சூட்டை வெளியேற்றினேன். அதில் குருவி கூடு கட்டியது. எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது. இரண்டாவது மழைக்காலத்தில் வடக்கு மூலையில் கூரையின் அடிப்பக்கம் வெள்ளையாகப் பூத்தது. தொட்டால் உதிர்ந்தது. நீ அந்த மூலையில்தான் பாய் போட்டுப் படுப்பாய். தீபத்துக்கு மறுநாள் காலையில் நீ எழுந்து பல் விளக்கக் கொல்லைக்குப் போனாய். கொடியில் இருந்த உன் துண்டை எடுக்க நான் கூடத்துக்கு வந்தேன். என் கண்ணெதிரில் தோசைக்கல் அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து உன் தலையணைமேல் விழுந்தது. உள்ளே கம்பி துருப்பிடித்துத் தெரிந்தது. மழை ஈரத்தில் உப்பு வேர்த்து, கீழே இறங்கி, கம்பியைத் தின்றிருக்கிறது. நீ திரும்பி வந்து பார்த்துவிட்டு, “சிமெண்டுல கலப்படம்” என்று சொல்லிவிட்டு ஸ்கூலுக்குப் போனாய். நான் அந்தத் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள். என் உப்புக்கு நீ குடிக்கப் பார்த்தாயே.

மூலையை உடைத்து எடுத்தேன். கம்பியைத் தேய்த்துச் சாந்து பூசினேன். மறுபடி பானை வேண்டும், அடுத்த போகியும் வந்தது. இந்தத் தடவை ஒரு பானையைக்கூட நம்பத் தயாராக இல்லை. கரி பிடித்திருந்தால் சோற்றுப் பானை, இல்லாவிட்டால் உப்புப் பானை என்று பிரித்துவிட முடியாது. அடுப்பில் ஒழுக ஆரம்பித்த பானையைத்தான் நம் ஜனங்கள் உப்புக்கு வைப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தெரியாது, கழுவினாலும் போகாது. நாக்குக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்குள் பானை கம்மியாகக் கிடைத்ததால் அடி அண்ணாமலைவரைக்கும் போனேன். ரோட்டோரம் கிடந்த குவியலில் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் துடைத்து, உள்பக்கம் நாக்கை வைத்துப் பார்த்து, கரித்தால் அந்தப் பக்கம், கரிக்காவிட்டால் இந்தப் பக்கம் என்று பிரித்துக்கொண்டிருந்தேன். யார் வீட்டுப் பானையோ, யார் வாய் வைத்ததோ. வாயெல்லாம் கரி.

அப்போதுதான் நாலு சைக்கிள் வந்தது. லீவு நாள், மலையைச் சுற்ற வந்திருப்பீர்கள். நீ என்னைப் பார்த்தாய். நானும் உன்னைப் பார்த்தேன். உன்னோடு வந்த ஒரு பையன் காலை ஊன்றி நிறுத்தி, “டேய், யார்றா அது, பானைய நக்கிக்கினு கீது? உன்னியே பாக்குது” என்றான். நீ சைக்கிளை நிறுத்தவில்லை. தலையைத் திருப்பாமல் சொன்னாய்: “எங்க வூட்ல வேலை செய்றவங்க.” மரியாதையாகத்தான் சொன்னாய், அதை மறுக்க மாட்டேன். நாலு சைக்கிளும் போய்விட்டது. நான் கையிலிருந்த பானையைப் பார்த்தேன், நாக்கு வைத்ததா இல்லையா என்று மறந்துவிட்டது. மறுபடி வைத்துப் பார்த்தேன். கரித்தது. பானை கரித்ததா, கண்ணீர் வழிந்து வாய்க்கு வந்ததா என்று தெரியாததால் அதை அந்தப் பக்கமே போட்டேன். உன் தலைமேல் போகப்போகிற பானை, சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது.

அன்றைக்குச் சாயங்காலம் நீ ஒன்றும் நடக்காததுபோல வந்து சாப்பிட்டாய். நானும் போட்டேன். எட்டு வருஷம் ஆகிறது, இதை நான் உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. பதினாறு வயசுப் பையன், வாய் தவறியிருக்கும், வளர்ந்தால் ஒருநாள் தானாக வந்து சொல்வான் என்று இருந்தேன். நீ வளர்ந்தாய். சூப்பர்வைசர் ஆனாய். வெள்ளைச் சட்டை போட்டாய். பத்துப் பேரை வேலை வாங்குகிறாய். போன சித்திரையில் கூடத்தில் உட்கார்ந்து அந்தக் கூரையையும் உன் பெயரில் எழுதிக்கொண்டாய். அன்றைக்கு நான் ஏன் சும்மா இருந்தேன் என்று உனக்குள் ஒரு கேள்வி இருந்தால், அதற்கும் பதில் சொல்கிறேன். பயந்தேன். குப்பையில் பொறுக்கிய பானைக்கடியில் இருக்கிற குடும்பம் என்று தெரிந்தால் பெண் கொடுக்க மாட்டார்களோ என்று பயந்தேன். அந்த நிமிஷத்தில் என் கையால் செய்ததைப் பற்றி நானும் வெட்கப்பட்டேன். அந்த வெட்கத்துக்காக உன்மேல் வருகிற கோபத்தைவிட என்மேல் எனக்கு அதிகக் கோபம். ஆனால் இந்தக் கடிதம் உனக்கு, அதனால் இதில் உன் பங்கு கோபம்தான் வரும்.

நீ லிஸ்ட்டில் எழுதியிருக்கிறாயே, உப்புப் பானை கனமாக இருக்கும் என்று. கனமாகத்தான் இருக்கும். கெட்டியாக இருப்பதால் இல்லை, உப்பையும் ஈரத்தையும் குடித்திருப்பதால். இது தெரியாமல் ஒரு வீட்டை மூட வந்துவிட்டாய். உன்னைத் தனியாகக் கூப்பிட்டுக் காதோடு சொல்லியிருக்கலாம். நீயும் “சரிம்மா, மெதுவாப் பேசு” என்று சொல்லிவிட்டு, அதையும் உன் யோசனையாக மாமனாரிடம் சொல்லியிருப்பாய். சொல்லாமல் விட்டுவிடலாம் என்றும் ஒரு ராத்திரி நினைத்தேன். உன் கூரை பூத்து உதிரட்டும், உன் மாமனார் அண்ணாந்து பார்க்கட்டும் என்று. ஆனால் விழுகிற பூச்சு உன் பொய்யைத் தேடிப்பிடித்தா விழும்? கீழே படுத்திருப்பவள் அந்தப் பெண். மொச்சைக்கொட்டை உரித்துக் கொடுத்தவள். அவள் என்ன பாவம் செய்தாள்.

அதனால் போகி அன்று காலையில் நானே வேங்கிக்காலுக்கு வருகிறேன். உன் அப்பாவும் வருகிறார். கோணிப்பையும் அந்த ஒரு சாண் குச்சியும் எடுத்து வருகிறோம், குச்சி இன்னும் என் பெட்டிக்குள் இருக்கிறது. உன் மாமனார் வீட்டு வாசலில் பானையைக் குவித்து வை. வெள்ளைச் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார். ஒவ்வொரு பானையாகத் துடைத்து, உள்ளே நாக்கை வைத்துப் பார். கரித்தால் அந்தப் பக்கம், கரிக்காவிட்டால் இந்தப் பக்கம். ஆள் வைத்து நக்க முடியாது, எவன் நாக்கையும் நம்ப முடியாது. நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து நீ வைத்ததை எல்லாம் இன்னொரு தரம் வைத்துப் பார்ப்பேன். தெருவே கூடும். உன் மாமனார் வெளியே வருவார், உன் ஆபீஸ் ஆட்களும் அந்த வழியாகத்தான் போவார்கள். கரி பூசிய வாயோடு பானையை நக்கிக்கொண்டிருக்கிற இந்தப் பொம்பளை யார் என்று நிச்சயம் யாராவது ஒருவர் உன்னைக் கேட்பார். நான் வாயைத் திறக்க மாட்டேன், உன் அப்பாவையும் திறக்கவிட மாட்டேன். போகிக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. என்ன பதில் சொல்வது என்று யோசித்து வை.

இப்படிக்கு,
உங்க வூட்ல வேலை செய்றவங்க